டாக்டரோட நேரத்துக்கும் ஒரு விலை இருக்கு

வழக்கமா இந்த பாட்காஸ்ட்ல சாஃப்ட்வேர், வேலை, பணம்னு பேசுவோம். இன்னைக்கு வேற ஒரு தொழில். சின்ன ஊர்ல சொந்தமா கிளினிக் வச்சிருக்கிற டாக்டர்கள் பத்திப் பேசலாம். வாசல் நிறைய செருப்பு, உள்ளே டோக்கன் கூட்டம். "டாக்டருக்கு என்னப்பா, நல்லா சம்பாதிக்கிறார்"னு ஊரே சொல்லும். அந்தக் கிளினிக்கை லாபத்துல நடத்திக்கிட்டே, அந்த டாக்டர் வீட்லயும் ஒரு அம்மாவா, அப்பாவா இருக்க முடியுமா? இதுதான் கேள்வி.

எனக்கு ஏன் இந்தக் கேள்வின்னா, எங்க அக்கா மகப்பேறு மருத்துவர், மாமா பொது மருத்துவர். ஒரு தாலுகா ஊர்ல ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துறாங்க. நகரத்துல ஒரு பெரிய மருத்துவமனை மாச சம்பளத்துக்குக் கூப்பிட்டிருக்கு. "பேசாம மூடிட்டுப் போயிடலாமாடா?"ன்னு அக்கா கேட்டாங்க. அவங்களுக்கு ஏழு வயசுல ஒரு பொண்ணு. மூடினா, அக்காகிட்ட வர்ற கர்ப்பிணிகள் பிரசவத்துக்கு வேற டாக்டரைத் தேடணும். அதனால மூணு மாசம் வார இறுதியில அங்கே போய் கணக்கைப் பார்த்தேன். அவங்களோட நிஜ எண்களைச் சொல்ல மாட்டேன். புரியறதுக்காக, ஒரே ஒரு பொது மருத்துவர் இருக்கிற ஒரு கற்பனைக் கிளினிக்கை எடுத்துக்குவோம்.

ஒரு நாளைக்கு 60 பேர், ஆளுக்கு 300 ரூபாய். 18,000. மாசம் 26 நாள். மொத்தம் 4,68,000 ரூபாய். இப்போ செலவு: வாடகை 50,000, ஊழியர் சம்பளம் 1,00,000, கருவிகளுக்கான இஎம்ஐ 80,000, கரண்ட், மருத்துவக் கழிவு அகற்றுறது, மத்த சில்லறை எல்லாம் சேர்த்து 30,000. ஆக 2,60,000 போயிடுச்சு. மிச்சம் 2,08,000. "பரவாயில்லையே, ரெண்டு லட்சம் லாபம்!"னு தோணும்.

ஆனா அது லாபம் இல்லைங்க. அந்த டாக்டர் வேற எங்கேயாவது வேலைக்குப் போனா சம்பளம் வாங்குவார் இல்லையா? 1,50,000னு வச்சுக்குவோம். அதை முதல்ல எடுத்து வச்சாதான் தொழிலோட லாபம் தெரியும். 58,000. நான் பார்த்த சின்ன கிளினிக் கணக்குகள்ல இந்த ஒரு வரி மட்டும் இருக்கிறதே இல்லை. நர்ஸுக்கு சம்பளம் இருக்கு, கூட்டிப் பெருக்குறவங்களுக்கு இருக்கு, ஜெனரேட்டர் டீசலுக்குக்கூட ஒரு வரி இருக்கு. டாக்டரோட நேரம் மட்டும் இலவசம். எது இலவசமோ அதைத்தான் நாம கணக்கில்லாம செலவு பண்ணுவோம். இன்னைக்கு நான் சொல்ல வர்ற விஷயமே இதுதான்.

இதை வச்சு ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்போம். அந்த டாக்டர் ஞாயிறு காலையில நாலு மணி நேரம் திறக்கிறார். 30 பேர் வர்றாங்க. 9,000 ரூபாய். மாசம் 36,000. விட மனசு வருமா? ஆனா இங்கே ஒரு கேள்வி கேட்கணும். அந்த 30 பேர்ல எத்தனை பேர், ஞாயிறு மூடியிருந்தா திங்கட்கிழமை வந்திருப்பாங்க? பிரஷர் மாத்திரை தொடர்ச்சிக்கு வர்றவங்க, ரிப்போர்ட் காட்ட வர்றவங்க எல்லாம் மறுநாளும் வருவாங்க. 20 பேர் அப்படின்னு வைங்க. அப்போ நிஜமான கூடுதல் வரவு 10 பேர், 3,000 ரூபாய். ஊழியர்களுக்கு ஞாயிறு கூடுதல் கூலி, கரண்ட் எல்லாம் 2,000. மிச்சம் 1,000. மாசத்துக்கு நாலாயிரம். அதுக்குப் பதினாறு மணி நேர உழைப்பு. மணிக்கு 250 ரூபாய்! ஒரு நோயாளிகிட்ட வாங்குற ஃபீஸை விடக் குறைவு.

இந்த 20 நான் போட்ட எண். உங்க கிளினிக்ல அது எட்டா இருக்கலாம், இருபத்தஞ்சா இருக்கலாம். ஆனா அளந்து பார்க்கலாம். மாமாகிட்ட நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு: ரிசப்ஷன் நோட்டுல ஒரு கட்டம் கூடுதலா போடுங்க. "நாளைக்கு வரச் சொன்னா வர முடியுமா?" இதை மட்டும் ரெண்டு மாசம் கேட்டு எழுதுங்க. தினக்கூலிக்குப் போறவங்க பல பேர் "முடியாது"ன்னுதான் சொன்னாங்க. அவங்களுக்கு ஞாயிறை விட்டா வேற நாள் இல்லை. அதனால மாமா ஞாயிறை ஒரேயடியா மூடலை. மாசத்துல முதல் ஞாயிறும் மூணாவது ஞாயிறும் மட்டும் திறக்கிறார், வாசல்ல போர்டு எழுதி வச்சு. அளக்காம முடிவெடுத்திருந்தா, ஒண்ணு எல்லா ஞாயிறும் போயிருக்கும், இல்ல அந்தக் கூலிக்காரங்க பாடு திண்டாட்டமாயிருக்கும்.

அடுத்தது மாலை நேரக் கூட்டம். இது எங்க சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு ரொம்பப் பழக்கமான சிக்கல். 1909லயே டென்மார்க்ல எர்லாங்னு ஒருத்தர், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வர்ற அழைப்புகளை வச்சு ஒரு கணக்கு எழுதினார். வரிசைக் கோட்பாடு அங்கேருந்துதான் வளர்ந்தது. அது சொல்ற விஷயம் இதுதான்: ஒருத்தரோட நேரம் முழுசா நிரம்ப நிரம்ப, காத்திருக்கிற நேரம் ஒரே சீரா ஏறாது, கடைசியில எகிறிடும். எளிய மாடல்படி, ஒரு நோயாளிக்கு 5 நிமிஷம்னா, டாக்டரோட நேரம் 80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது சராசரிக் காத்திருப்பு 20 நிமிஷம். 90 சதவீதம்னா 45 நிமிஷம். 95 சதவீதம்னா 95 நிமிஷம். நிஜ கிளினிக் இந்த ஃபார்முலாவுக்கு அப்படியே அடங்காது. ஆனா கூட்டம் எகிறுற விதம் இதேதான்.

இப்போ நம்ம கற்பனை டாக்டரைப் பாருங்க. சாயங்காலம் 4 மணியிலிருந்து 9 மணி வரைக்கும், 300 நிமிஷம். 60 பேர், ஆளுக்கு 5 நிமிஷம். அதுவும் 300. நூறு சதவீதம்! நடுவுல ஒரு குழந்தைக்கு ஃபிட்ஸ் வந்தா, அந்த நேரம் எங்கேருந்து வரும்? அவர் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டுலருந்துதான். 9 மணிக்கு முடியற கிளினிக் பத்தரைக்கு முடியறதுக்குக் காரணம் டாக்டர் மெதுவா பார்க்கிறது இல்லை. டோக்கன் கொடுக்கிற விதம்தான்.

டோக்கனைக் குறைச்சா வருமானம் குறையும். அதனால வேற வழி பார்க்கணும். இன்னொரு நர்ஸை வேலைக்கு எடுத்து, பிரஷர், சுகர், எடை பார்க்கிறது, பழைய ஃபைலைத் தேடுறது, மாத்திரை எப்படிச் சாப்பிடணும்னு விளக்குறது, இதெல்லாம் டாக்டர் மேஜையிலருந்து நகர்த்தணும். 5 நிமிஷம் 4 ஆனா, அதே 60 பேருக்கு 240 நிமிஷம். 80 சதவீதம். நர்ஸுக்கு மாசம் 15,000 ஆகட்டும். லாபம் 58,000லருந்து 43,000 ஆகும். அந்தப் பதினஞ்சாயிரத்துக்கு தினமும் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்குது. கவனிங்க, நோயாளி பேசுற நிமிஷத்தை வெட்டச் சொல்லலை. அதை வெட்டினா வைத்தியமே போச்சு.

லாபத்துக்கு இன்னொரு குறுக்கு வழி இருக்கு, எல்லாருக்கும் தெரியும். தேவையில்லாத டெஸ்ட் எழுதுறது, லேப்லருந்து கமிஷன் வாங்குறது. 2002ல வந்த மருத்துவ நடத்தை விதிகளே அந்தக் கமிஷனைத் தடை பண்ணியிருக்கு. அது தப்புங்கிறது ஒரு பக்கம். சின்ன ஊர்ல நம்பிக்கைதான் முதல், அது ஒரு தடவை போனா வராது.

இப்போ அக்கா விஷயம். இதுதான் கஷ்டமான பகுதி. பிரசவ வலி டோக்கன் வாங்கிட்டு வராது. என் கம்பெனியில ஆறு பேர் டீம். ஆன்-கால் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு வரும், அதுக்கே நான் புலம்புவேன். அக்காவுக்கு வருஷத்துல 52 வாரமும் ஆன்-கால். எங்க பாஷையில இதை 'ஒரே ஆள் விழுந்தா மொத்தமும் விழும்' அமைப்புன்னு சொல்வோம். சர்வரையே அப்படி வைக்க மாட்டோம்.

இன்னொண்ணு. 2017ல பிரசவ விடுப்பை 26 வாரமா உயர்த்தினாங்க. அது பத்து பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யற இடங்கள்ல இருக்கிற ஊழியர்களுக்கு. சொந்தக் கிளினிக் நடத்துற டாக்டர் ஊழியர் கிடையாது. ஊருக்கே பிரசவம் பார்க்கிறவங்களுக்கு, அவங்க பிரசவத்துக்கு ஒரு நாள் விடுப்புகூட சட்டப்படி இல்லை. அக்கா நாப்பது நாள்ல திரும்பி வந்துட்டாங்க.

அந்த ஊர்லயே இன்னும் மூணு மகப்பேறு மருத்துவர்கள் இருக்காங்க. நாலு பேரும் தனித்தனியா, நாலு வீட்லயும் ராத்திரி போனைத் தலைமாட்டுல வச்சுத் தூங்குறாங்க. சேர்ந்தா நாலு நாளைக்கு ஒரு ராத்திரிதான். ஏன் சேரலை? "பேஷண்ட் அந்தப் பக்கம் போயிட்டா?" அவ்வளவுதான். பயம் நியாயமானது. அதனால அதை எழுத்துல போடணும். பிரசவம் யார் பார்த்தாலும் தாய் முதல் டாக்டர்கிட்டயே திரும்பணும், பிரசவ ஃபீஸ் எப்படிப் பிரியும், ஃபைல் எப்படிக் கை மாறும், சிக்கல்னா யாரைக் கூப்பிடணும். கர்ப்பிணிக்கும் அஞ்சாவது மாசத்துலயே சொல்லி, மத்த டாக்டரை ஒரு தடவை பார்க்க வைக்கணும். வலியில இருக்கும்போது புது முகம்னா யாருக்கும் பயம்தான்.

மூணு பேர்ல ஒருத்தர் மறுத்துட்டார். ஒருத்தர் யோசிச்சு சொல்றேன்னார். ஒருத்தர் ஒத்துக்கிட்டார். ஆக ரெண்டு பேர், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் வாரத்துல அக்கா சொன்னாங்க, "போன் அடிக்கலைடா, ஆனாலும் மூணு தடவை முழிச்சுப் பார்த்தேன்." உடம்பு பழகணும் இல்லையா? நகரத்து மருத்துவமனைக்கு இன்னும் பதில் சொல்லலை, ஆறு மாசம் அவகாசம் கேட்டிருக்காங்க. முடிவு எப்படி வரும்னு தெரியலை. ஆனா இப்போ அவங்க எடுக்கிற முடிவு, அசதியில எடுக்கிற முடிவா இருக்காது.

கேட்டுக்கிட்டிருக்கிற டாக்டர்களுக்கு ஒரே ஒரு வேலை: இந்த மாசக் கணக்குல உங்க சம்பளம்னு ஒரு வரி எழுதுங்க. மத்த கேள்வியெல்லாம் தானா வரும். நோயாளிகளான நமக்கும் ஒண்ணு இருக்கு. அவசரம் இல்லைன்னா, ராத்திரி பத்து மணிக்கு டாக்டருக்கு வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் அனுப்பாதீங்க. காலையில அனுப்பலாம், ரிப்போர்ட் மாறிடாது.

அடுத்த வாரம் வேற தலைப்போட சந்திப்போம்.