ஊகிக்கும் கருவி


03/04/2024 என்று ஒருவர் எழுதுகிறார். இலங்கையில் வாழும் நாம் அதனை ஏப்பிரல் 3 என வாசிப்போம். அமெரிக்கரோ மார்ச் 4 என்பர். எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. இந்த ஐயத்தைக் கணினி எவ்வாறு தீர்க்கும்?

தரவுகளைப் பகுத்தாய்வோர் பெரிதும் கையாளும் 'பாண்டாஸ்' என்னும் மென்பொருட் கருவித் தொகுதியை வெஸ் மெக்கின்னி என்பார் 2008 ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கினார். வேறு கட்டளை இல்லாவிடின், அது முன்னிற்கும் எண்ணை மாதமெனவே கொள்ளும். ஆயின் 13/04/2024 என வந்தால்? பதின்மூன்றாம் மாதம் இல்லையே! பழைய பதிப்புகள் அந்த வரியில் மட்டும் முதலெண்ணை நாளெனக் கொண்டன. ஒரே நிரலில் இருவகைப் பொருள் கலந்தன. கருவி தடையின்றி மேலே சென்றது. மருந்து கொடுத்த நாள் மாறிப் பதிவானால், நோய் தணிந்த கணக்கு என்னாகும்?

நாளை முன்வைத்து வாசிக்குமாறு கட்டளையிட வழி உண்டு. ஆனால் அது கண்டிப்பான விதியன்று, வெறும் விருப்பமே என்பதைக் கையேட்டின் எச்சரிக்கையைப் படித்தோரே அறிவர்.

2023 இல் வெளிவந்த இரண்டாம் பெரும்பதிப்பு, முதல் வரியிற் கண்ட அமைப்பையே எல்லா வரிகளுக்கும் உரியதாக்கியது. பொருந்தாதது வரின் பிழையென நிறுத்தியது. நன்று. எனினும், எல்லா நாள்களும் பன்னிரண்டுக்கு உட்பட்டனவாயின், தவறு இன்றும் ஓசையின்றி நுழையும்.

ஆதலின் அமைப்பை நாமே வகுத்துரைத்தல் வேண்டும்; அன்றேல் ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒழுங்கிற் பதிதல் வேண்டும். கருவி ஊகிக்கும், தெளிவுபடுத்துவது நம் கடன்.