எங்க தெருவுக்கு வர்ற அன்னைக்கு மட்டும் உபவாசம்

(ஆய்வு மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சாதி ஒழிப்பு பேசுற ஆளு, சனிக்கிழமை ஆனா பைபிள் வேன்ல ஏறிப் போறாராமே" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். அதே வேனை ஊர் மந்தையில் மறித்து, "எத்தனை பேரை மாத்துனீங்க, தலைக்கு எவ்வளவு வாங்குறீங்க" என்று கேட்டவர்களும் உண்டு. இந்த இரண்டாவது கூட்டத்துக்குப் பதில் சொல்வதில் எனக்கு அக்கறை இல்லை. முதல் கேள்விக்குத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் ஞானஸ்நானம் எடுத்தவன் இல்லை, எந்தச் சாமியையும் கும்பிடுவதும் இல்லை. திருச்சுழி வட்டத்தில் ஒரு காலனியில் பிறந்தவன். இராமநாதபுரம் சீமையில் மிஷன்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் என்பது என் ஆய்வு. அதற்காக அருப்புக்கோட்டையில் ஒரு சபையின் கிராம ஊழியக் குழுவோடு பழக ஆரம்பித்தேன். மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லை என்றார்கள், சரி என்றேன். இப்போது இரண்டு வருடம் ஆகிறது. சபையின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அந்தச் சபையில் நடப்பது அந்தச் சபையில் மட்டும் நடப்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

அந்த ஊர் எப்படி இருக்கும் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கரிசலும் இல்லாமல் செவலும் இல்லாமல் நடுவில் கிடக்கிற காடு. மழை பெய்தால் மிளகாய், குதிரைவாலி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட வேண்டியதுதான். காலனியில் முக்கால்வாசி ஆட்கள் கரி மூட்டத்துக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் சனிக்கிழமை முள் பொறுக்கப் போய்விட்டு, கையில் கீறலோடுதான் ட்யூஷனுக்கு வரும். சமுதாயக்கூடத்துக்குப் பூட்டு போட்டிருப்பதால் அதன் திண்ணையில் பாடம். ஏழு மணிக்கு மேல் ஜெபக்கூட்டம்.

முதலில் அவர்களிடம் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் குறை பேசினால் நேர்மையாக இருக்காது.

அந்தக் குழு வாராவாரம் வருகிறது. மழையென்றாலும் வருகிறது, தேர்தலென்றாலும் வருகிறது. நாம் எப்போது போகிறோம்? கொலை நடந்த பிறகு உண்மை அறியும் குழுவாகப் போகிறோம். அறிக்கை அச்சானதும் அந்தத் தெருவின் பெயர் நமக்கு மறந்துவிடுகிறது. எந்த வீட்டுப் பையன் திருப்பூருக்குப் போனான், யாருக்குச் சுயஉதவிக் குழுக் கடன் கழுத்தை நெரிக்கிறது, எந்தப் பெண் இரண்டு நாளாக அடுப்பு மூட்டவில்லை என்பதெல்லாம் அந்த ஊழியக்காரர்களுக்குத் தெரியும். நம் மாவட்டப் பொறுப்பாளர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்று 'சாட்சி'. ஜெபக்கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து அந்த வாரம் தனக்கு நடந்ததைச் சொல்லலாம். ஐம்பது வயதுப் பெண், கரிமூட்டப் புகையில் கண் சிவந்து கிடப்பவர், எழுந்து நின்று பத்து நிமிடம் பேசுகிறார். புருஷன் அடித்ததை, கங்காணி கூலியைப் பிடித்ததை, மகள் படிப்பை எல்லாம் பேசுகிறார். யாரும் குறுக்கே பேசுவதில்லை. அவருடைய ஊர்க் கிராமசபையில் அவர் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. நம் கூட்டங்களில்? வரவேற்புரையோ நன்றியுரையோ கொடுப்போம். மூன்று மணி நேரம் மேடையில் ஆண்கள் பேசிய பிறகு.

இனி சோற்றுக் கதைக்கு வருகிறேன்.

குழுவில் எட்டுப் பேர். பெரும்பாலும் டவுனில் கடை, பள்ளி வேலை, வங்கி என்று இருக்கிற நாடார் கிறிஸ்தவர்கள். இரண்டு பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். பிள்ளைகளுக்குச் சுண்டல், பிஸ்கட் எல்லாம் டவுனிலிருந்தே வரும். தண்ணீர் கேனும் வேனிலேயே வரும். கூட்டம் முடிந்ததும் காலனிப் பெண்கள் கூப்பிடுவார்கள்: "இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஒரு வாய் காப்பி குடிக்காமப் போறீகளே." நேரமாகிவிட்டது, சுகர் இருக்கிறது, இன்றைக்கு உபவாசம் என்று ஏதாவது பதில் வரும். உபவாசம்தான் அடிக்கடி வரும். ஒரு பாட்டி என்னிடம் தனியாகச் சொன்னார்: "எய்யா, எங்க தெருவுக்கு வர்ற அன்னைக்கு மட்டும்தான் இவுகளுக்கு உபவாசம் வருது, பாத்தியா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

என் ஆய்வு இந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறது. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் மதுரையில் தொடங்கியது. இன்றைய அமெரிக்கன் கல்லூரி அதன் வழிவந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நம் திருச்சுழிப் பக்கத்து மண்டபசாலை அதன் நிலையங்களில் ஒன்று. ஹோரஸ் டெய்லர் என்ற மிஷனரி அங்கே பல ஆண்டுகள் இருந்தார். இந்த மிஷன் 1847இல் ஒரு முடிவெடுத்தது. சாதியை விடாதவருக்குச் சபையில் இடமில்லை என்பதுதான் அது. சாதியை விட்டாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாயால் சொன்னால் போதாது, எல்லாச் சாதியாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உபதேசிகளும் பசுமலைச் செமினரி மாணவர்களும் பலர் இலையில் உட்கார மறுத்து வெளியேறினார்கள். வேலை போனாலும் பரவாயில்லை, சாதி போகக்கூடாது என்றவர்கள் அவர்கள். மூன்று வருடம் கழித்து, 1850இல், சென்னை மிஷனரி மாநாடும் ஏறத்தாழ இதே நிலைக்கு வந்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் உடன்படவில்லை. அதற்கும் முன்பே, 1833இல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் சாதிக்கு ஆதரவாக நின்றதும் அந்தக் காலத்துக் கதைதான்.

வெள்ளைக்காரர்களைப் புனிதர்கள் ஆக்க நான் வரவில்லை. மதுரை மிஷனை அனுப்பிய அதே அமெரிக்கத் தலைமை, 1845இல் தன் நாட்டில் அடிமை வைத்திருப்பவர்களைச் சபையைவிட்டு விலக்க மாட்டோம் என்று நழுவியது. அது பொறுக்காமல்தான் அடுத்த வருடம் அடிமை ஒழிப்பாளர்கள் தனி மிஷன் சங்கம் கண்டார்கள். தன் வீட்டு அடிமைத்தனத்துக்கு ஒரு நியாயம், மதுரைச் சாதிக்கு இன்னொரு நியாயம். இருந்தாலும், இந்த மண்ணில் ஒரு நிறுவனம் சாதியைத் தத்துவமாகப் பார்க்காமல் இலை, சோறு, பந்தி என்று பிடித்தது பெரிய விஷயம். நூற்றியெழுபது வருடம் கழித்து அதே சீமையில் சுவிசேஷம் சொல்லப் போகிறவர்கள் காப்பிக்கு உபவாசம் சொல்கிறார்கள்.

'சோற்றுக்கு மாறியவர்கள்' என்ற வசை உங்களுக்குத் தெரியும். தாது வருடப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, கஞ்சிக்காக மாறினார்கள் என்பார்கள். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியவனிடம் போனது குற்றமாம், நெல்லைப் பூட்டி வைத்தவனை யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த வசையைக் கேட்டு இன்று கொதிக்கிற சபைக்காரர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. சோறு கொடுப்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியுமா, வாங்கிச் சாப்பிடத் தெரியாதா? கொடுக்கிற கை மேலேயே இருக்கும். வாங்கிச் சாப்பிட்டால்தான் சமமாக உட்கார முடியும்.

இத்தனைக்கும் இந்த நாடார் சமூகத்துக்கு நடந்தது பழங்கதை இல்லை. பக்கத்துக் கமுதியில் 1897இல் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள்மேல் வழக்குப் போட்டார் இராமநாதபுரம் சேதுபதி. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தோற்றார்கள். 1899இல் சிவகாசி எரிந்தது. மகமை போட்டுப் பள்ளிக்கூடம் கட்டி, கடை கட்டி, தங்கள் கையால் எழுந்தவர்கள். அந்த வரலாற்றை நான் மரியாதையோடுதான் படிக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்: தீட்டென்று தள்ளப்பட்டவர்களின் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் ஒரு டம்ளர் காப்பிக்கு ஏன் தயங்க வேண்டும்?

குழுவில் ஒரு பெண் தயங்கவில்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளை, நர்சிங் முடித்தவர். ஒருநாள் நேராகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டார். அடுத்த வாரமே பெரியவர் ஒருவர் அவரைக் கூப்பிட்டு, சுகாதாரம் முக்கியம், வெளியில் சாப்பிடுவதைத் தவிர்க்கலாமே என்று அன்பாக அறிவுரை சொன்னார். அந்தப் பெண் கேட்டார்: "நர்ஸு நானா, நீங்களா அங்கிள்?"

இனி சான்றிதழ் விஷயம். இதை நாம் எல்லோரும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலனியில் ஓர் அம்மா. அருந்ததியர். ஒரு வருடமாக ஜெபத்துக்கு வருகிறார். மகள் பிளஸ் டூ. குழுவினர் அவரிடம், எப்போது ஞானஸ்நானம், இயேசுவை வெளிப்படையாக அறிக்கையிடக் கூச்சப்படக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் முழுக்கு எடுத்தா பிள்ளை சர்ட்டிபிகேட் என்னாகும்?" இந்தக் கேள்வியைக் குழுவில் வைத்தேன். விசுவாசத்துக்கு விலை கொடுக்கத்தான் வேண்டும் என்றார் ஒருவர். அவர் அதை உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். ஆனால் அந்த விலை யார் பையிலிருந்து போகிறது?

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வர மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும், 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் கதவு இன்றும் மூடித்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். மாநில அரசின் சில கல்வி உதவித்தொகைகள் அவர்களுக்கும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் பட்டியல் சாதி இடஒதுக்கீடு போகும். அருந்ததியர் என்றால் 2009இல் வந்த மூன்று சதவீத உள்ஒதுக்கீடும் சேர்ந்து போகும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கைவிட்டுப் போகும். சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள், அடித்தார்கள் என்று ஒரு போதகர் தொடர்ந்த வழக்கை, அவர் கிறிஸ்தவர் என்பதால் அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. திட்டுகிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா திட்டுகிறான்?

மறுபக்கம், நாடார் இந்துவாக இருந்தாலும் பிற்படுத்தப்பட்டோர், கிறிஸ்தவராக இருந்தாலும் பிற்படுத்தப்பட்டோர். அவர் ஞானஸ்நானம் எடுத்தால் அரசுக் காகிதத்தில் எதையும் இழப்பதில்லை. ஒன்றையும் இழக்காதவர், எல்லாவற்றையும் இழக்கப் போகிறவரிடம் தைரியமாக அறிக்கையிடச் சொல்கிறார். இதை நான் அந்தக் குழுவிடமே சொன்னேன். இரண்டு பேருக்கு அதுவரை இந்தச் சட்டமே தெரியாது. தெரியாமலே பத்து வருடம் ஊழியம் செய்திருக்கிறார்கள்!

இரட்டை வாழ்க்கை வாழ்கிறவர்களைச் சபைக்காரர்கள் 'அரைகுறை விசுவாசி' என்கிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின்மீது செய்யும் மோசடி என்கிற அளவுக்குப் போனது. இரண்டு பக்கமும் ஒரே ஆளைத்தான் பொய்யர் என்கின்றன. பொய் சொல்ல வைத்த பத்தியை யாரும் கேட்பதில்லை. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் அந்த விலக்கை நீக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், ஒன்றிய அரசு பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. இரண்டு வருடத்தில் அறிக்கை என்றார்கள், பிறகு காலத்தை நீட்டினார்கள். 2007இலேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கச் சொல்லியாகிவிட்டது.

அண்ணல் அம்பேத்கர் கிறிஸ்தவத்துக்குப் போனவர்களின் நிலை பற்றி எழுதியவற்றில் ஒரு குற்றச்சாட்டு உண்டு. படித்த, வசதியான இந்தியக் கிறிஸ்தவர்கள் தங்களோடு இருக்கிற தீண்டப்படாத கிறிஸ்தவர்களுக்காக வாய் திறக்கவில்லை என்பார். அதைப் படித்துவிட்டு நம் ஆட்கள் சிலர், அப்படியானால் கிறிஸ்தவமே வேண்டாம் என்று முடித்துவிடுகிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அந்த அம்மா எந்தச் சாமியைக் கும்பிட வேண்டும் என்று முடிவெடுப்பது நானும் இல்லை, சபையும் இல்லை, மந்தையில் வேனை மறிக்கிறவனும் இல்லை. 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது நாம் எதிர்த்தது இதற்காகத்தான். 2004இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த உரிமைக்காகத் தெருவில் நின்ற நாம், அந்த உரிமையைப் பயன்படுத்துகிற அம்மாவைப் பார்த்து 'பிழைக்கத் தெரியாதவர்' என்று சிரிக்க முடியாது.

சரி, ஏன் இன்னும் வேனில் ஏறுகிறேன்? அங்கே சண்டை போட ஆள் வேண்டும் என்பதால்தான். வெளியிலிருந்து நான் எழுதினால், இயக்கக்காரன் என்று ஒதுக்கிவிடுவார்கள். பின் சீட்டில் உட்கார்ந்து, பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இப்போது ஞானஸ்நானம் பற்றிப் பேசப் போகும் முன் அந்தக் குடும்பத்துக்கு 1950 ஆணையைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று குழுவில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் அது பிடிக்காமல் விலகிவிட்டார்.

வருகிற மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி அந்தக் காலனியில்தான். பத்து நாள் மதியச் சோற்றைக் காலனிப் பெண்களே பொங்கட்டும், அவர்களுக்குக் கூலி கொடுப்போம், ஊழியக்காரர்களும் அதே பந்தியில் உட்காரட்டும் என்று நானும் அந்த நர்ஸ் பெண்ணும் சொன்னோம். மூன்று கூட்டம் நடந்தது. சுகாதாரம், பட்ஜெட், கேட்டரிங் எல்லாம் பேசினார்கள். கடைசியில் மீதி இருக்கிற ஏழு பேரில் ஐந்து பேர் சரி என்றிருக்கிறார்கள். பாட்டியிடம் சொன்னேன். "உபவாசம் யாருக்கும் இல்லியே?" என்று கேட்டுக்கொண்டார். அந்த அம்மா இன்னும் முழுக்கு எடுக்கவில்லை. மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போடுகிற வேலையை நானும் அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அரிசி வாங்க வருகிற சனிக்கிழமை அருப்புக்கோட்டைக்குப் போகிறோம். பாத்திரம் தூக்க ஆள் வேண்டும். வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். இப்போது கேள்விகளைக் கேட்கலாம்.