ஸ்கேன் மெஷினுக்கு யார் ஸ்கேன் எடுப்பது?

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். மருத்துவம் பேச எனக்குத் தகுதி கிடையாது. செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம், என் மனைவியின் கழுத்து ரத்தக் குழாய்க்கு எடுத்த இரண்டு டாப்ளர் ஸ்கேன் ரிப்போர்ட்டுகள்.

முதல் இடத்தில் 138 என்று வந்தது. பத்து நாள் கழித்து வேறொரு இடத்தில் 112. ரத்தம் ஓடும் உச்ச வேகம் இது, நொடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று கணக்கு. 125-ஐத் தாண்டினால் குழாய் பாதி அல்லது அதற்கு மேல் அடைத்திருக்கலாம் என்பது 2003-ல் அமெரிக்க ரேடியாலஜி நிபுணர்கள் கூடி வெளியிட்ட அளவு. எங்கள் டாக்டரும் அதைத்தான் பார்க்கிறார். ஒரு ரிப்போர்ட் கோட்டுக்கு மேலே, இன்னொன்று கீழே. டாக்டர் பதறவில்லை. "எண்ணை மட்டும் வைத்து நான் முடிவு செய்வதில்லை, படத்தையும் பார்க்கிறேன்" என்று சொல்லி மாத்திரையைத் தொடரச் சொன்னார். எனக்குத்தான் டேலி ஆகாத கணக்கை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது மாதிரி இருந்தது.

என் அக்கா மகள் பயோமெடிக்கல் இன்ஜினியர். அவளிடம் கேட்டேன். "மாமா, முதலில் கோணத்தைப் பாருங்கள்" என்றாள். கழுத்தில் ஒலி போகும் திசைக்கும் ரத்தம் ஓடும் திசைக்கும் நடுவே சுமார் 60 டிகிரி வைத்து அளக்கிறார்கள். ஸ்கேன் எடுப்பவர் திரையில் ஒரு கோட்டைத் திருப்பி அந்தக் கோணத்தைக் காட்ட வேண்டும். அதில் 5 டிகிரி பிசகினால் வேகம் 15 சதவீதம் கூடும் அல்லது குறையும். உண்மையில் 125 இருந்தால், 106 என்றும் வரலாம், 143 என்றும் வரலாம். எங்கள் வீட்டு எண்கள் இரண்டுமே இதற்குள் அடங்கிவிட்டன!

அது கை செய்யும் பிழை. மெஷினே தப்பாகக் காட்டினால்? வங்கியில் நோட்டு எண்ணும் மெஷின் வந்த புதிதில், காலையில் நாங்கள் செய்யும் முதல் வேலை, கையால் இரண்டு தரம் எண்ணிய 100 நோட்டுக் கட்டை அதில் ஓட்டிப் பார்ப்பது. 99 என்று காட்டினால் மெஷினைத்தான் சந்தேகப்படுவோம். ஸ்கேன் மெஷினுக்கு அப்படி ஒரு கட்டு எங்கே கிடைக்கும்? உயிருள்ள மனிதரின் கழுத்துக்குள் ரத்தம் சரியாக எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

அதற்காகவே பொய் உடம்பு ஒன்று செய்கிறார்கள். ஃபாண்டம் என்று பெயர். வெறும் தண்ணீரில் ரப்பர் குழாயைப் போட்டால் போதாதா என்று கேட்டேன், போதாதாம். சதையில் ஒலி சராசரியாக நொடிக்கு 1540 மீட்டர் போகும், அறை வெப்பத் தண்ணீரில் 1480-தான். போகும் வழியில் சதை ஒலியைக் கொஞ்சம் விழுங்கவும் செய்யும், கொஞ்சம் சிதறடிக்கவும் செய்யும். தண்ணீர் இரண்டையும் செய்யாது.

ஆகவே அகர் அகர் காய்ச்சுகிறார்கள். ஆமாம், வீட்டில் கடற்பாசி இனிப்பு செய்வோமே, அதேதான். ராமநாதபுரம் கரையோரம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் பாசிகளில் சில அகர் தயாரிக்கத்தான் போகின்றன. நூற்றுக்கு 83 பங்கு தண்ணீர், 3 பங்கு அகர், ஒலியின் வேகத்தைக் கூட்ட 11 பங்கு கிளிசரின். பிறகு சாணைக்கல்லில் இருக்கும் சிலிக்கன் கார்பைடும் அலுமினியம் ஆக்சைடும் நுண்ணிய பொடியாக, ஒலியைச் சிதறடிக்கவும் விழுங்கவும். பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் துளி மருந்து. இந்தச் செய்முறை ஐரோப்பிய ஆய்வகங்களில் உருவானது. ஐந்து கூடங்களில் தனித்தனியாகச் செய்து ஒப்பிட்டு, 1998-ல் வெளியிட்டார்கள். 2001-ல் சர்வதேசத் தர நிர்ணயமாக வந்தது, எண் ஐ.இ.சி. 61685.

ரத்தமும் பொய்தான். தண்ணீர், கிளிசரின், கெட்டிப்படுத்த டெக்ஸ்ட்ரான், சிவப்பணுவுக்குப் பதில் 5 மைக்ரான் அளவு நைலான் துகள்.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். அகருக்குள் 4 மில்லிமீட்டர் குழாய், அதில் இந்தத் திரவத்தை பம்ப் தள்ளுகிறது. வெளியே வருவதை அளவுக் குடுவையில் பிடித்துக் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒரு நிமிடத்தில் 300 மில்லி சேர்ந்தால் சராசரி வேகம் நொடிக்கு 40 சென்டிமீட்டர். நீளமான நேர்க் குழாயில் சீராக ஓடும்போது நடுமையத்தில் அதைப்போல் இரு மடங்கு, அதாவது 80. மெஷின் 80 காட்ட வேண்டும். அளவுக் குடுவை, கடிகாரம், இரண்டுமே நமக்குத் தெரிந்த சாமான்கள். கணக்கு நேராகிவிட்டது.

இப்படிச் சோதித்ததில் ஒன்று தெரிந்தது. உச்ச வேகத்தை டாப்ளர் மெஷின்கள் பொதுவாகக் கூட்டித்தான் காட்டுகின்றன, அந்தக் கூடுதலும் மெஷினுக்கு மெஷின் மாறுகிறது. ஓரிடத்து எண்ணையும் வேறிடத்து எண்ணையும் பக்கத்தில் வைத்து "குறைந்துவிட்டது" என்று நான் சந்தோஷப்பட்டது சுத்த அசட்டுத்தனம்.

இரண்டு இடங்களுக்கும் போய், "ஓட்டம் வைத்து எப்போது சோதித்தீர்கள்?" என்று கேட்டேன். நீங்களும் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஓரிடத்தில் சர்வீஸ் செய்த தேதியைச் சொன்னார்கள், நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. மற்ற இடத்தில் உள்ளேயிருந்து ஒரு தம்பி வந்து, "சார் இன்ஜினியரா?" என்றார். பேங்க் கிளார்க் என்றேன். சிரித்துவிட்டு ஒரு பதிவேட்டை எடுத்துவந்து காட்டினார். தேதி, ஓட விட்ட வேகம், மெஷின் காட்டிய வேகம், கையெழுத்து.

138 சொன்ன இடம் அதுதான். தை மாதம் அடுத்த ஸ்கேனுக்கு அங்கேயே போகிறோம், அதே மெஷினில், கோணத்தையும் ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லி.