மொய் நோட்டு சொல்லும் கணக்கு



மார்கழி பிறந்துவிட்டது. பனியால் பூ வரத்துக் குறைந்து, கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் மல்லிகையும் முல்லையும் விலையேறி நிற்கிற மாதம் இது. கிறிஸ்துமஸ் வாசலில் நிற்கிறது. அடுத்து புத்தாண்டு, பொங்கல், பிறகு தை முகூர்த்தங்கள். பேரப்பிள்ளைக்குப் புதுத்துணி, தங்கச்சி வீட்டுக்குப் பொங்கல் சீர், பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் என்று, கொடுத்தே ஆக வேண்டிய செலவுகள் வரிசை கட்டி வருகின்றன. இப்படிக் கொடுப்பதையும் அதற்கான பணத்தையும் பற்றிப் பேச கீரமங்கலத்தைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. காரணம், மொய் விருந்து.

வெளியூர் நேயர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், தஞ்சை மாவட்டத்தில் பேராவூரணி ஆகிய ஊர்களைச் சுற்றி ஆடி, ஆவணி மாதங்களில் நடப்பது இது. முன்பு காதுகுத்து, கல்யாணம் என்று ஒரு காரணம் இருந்தது. பிறகு மொய்க்காகவே விருந்து என்றானது. ஒருவர் தனியாகப் பந்தல் போட்டால் செலவு தாங்காது என்று பலர் சேர்ந்து ஒரே பத்திரிகை அடித்து, ஒரே பந்தலில் ஆட்டுக்கறி விருந்து வைக்கிறார்கள். செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். மொய் மட்டும் அவரவர்க்குத் தனி.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிறவர் தனக்கு மொய் செய்தவரின் பெயர் எழுதிய இடத்தைத் தேடிப் போவார். அங்கே ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார், இன்னொருவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் எழுதுவார். நமக்கு 1,000 ரூபாய் செய்தவருக்கு அதே ஆயிரத்தைத் திருப்பினால் கணக்கு முடிந்தது என்று பொருள். 1,500 கொடுத்தால் கூடுதலாக வைத்த 500 புதுநடை. அதை அவர் நம் விருந்தில் திருப்ப வேண்டும். ஒருமுறை விருந்து வைத்தவர் பொதுவாக ஐந்து வருஷம் கழித்துத்தான் மறுபடி வைப்பார். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, வட்டியும் கிடையாது. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கவும், ஆழ்துளைக் கிணறு போடவும், பழைய கடனை அடைக்கவும் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தப் பணம் கைகொடுத்திருக்கிறது. இதைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வங்கி எட்டிப் பார்க்காத காலத்தில் சம்சாரிகள் தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொண்ட நிதி ஏற்பாடு இது.

ஆனால் ஒன்றைத் திருத்தமாகச் சொல்ல வேண்டும். மொய்யாக வந்த பணம் வருமானம் இல்லை, கடன். ஐந்து லட்சம் வந்தால் ஐந்து லட்சம் கடன். அதை ஐந்து வருஷத்தில் திருப்ப வருஷத்துக்கு ஒரு லட்சம் வேண்டும், மாதத்துக்கு 8,300 ரூபாய்க்கு மேல். இந்தத் தொகையை எடுத்து வைக்காமல், பணம் வந்த மாதமே வீட்டு முகப்பைக் கட்டி, கார் முன்பணம் கொடுத்து முடித்தவர்களின் நிலை அடுத்த ஆடியில் தெரியும். ஒரே நாளில் நாலைந்து பத்திரிகை வரும்போது நூற்றுக்கு மாதம் மூன்று வட்டிக்கு வாங்கி மொய் எழுத ஓடுவார்கள். ஒரு லட்சத்துக்கு வருஷ வட்டி 36,000. வட்டியில்லாத கடனை வட்டிக் கடனாக மாற்றிக்கொள்வதுதான் இதில் நடக்கிறது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையேறியது. இந்த வட்டாரத்துத் தென்னையும் பலாவும் வாழையும் ஒரே இரவில் சாய்ந்தன. நாட்டுத் தென்னங்கன்று வைத்துக் காய் பார்க்க ஆறேழு வருஷம் ஆகும். தோப்பு போனவரின் மொய்க் கடன் மட்டும் போகவில்லை. அந்தக் காயம் ஆறும் முன்பே 2020-இல் ஊரடங்கு வந்து, விருந்து வைக்க முறை வந்தவர்களுக்கும் வழியடைத்தது. இரண்டு நல்ல வெள்ளாமையை நம்பிக் கணக்குப் போடுகிறவர், ஒரு கெட்ட வருஷத்துக்கும் இடம் விட்டுப் போட வேண்டும்.

அன்பளிப்பாகப் பொருளையே கொடுக்கிற நாடுகளில் தொல்லை வேறு மாதிரி. 1993-இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கிறிஸ்துமஸ் பரிசுகளை ஆராய்ந்தார். பரிசுக்குக் கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று கண்டார். வாங்கிக்கொண்டவருக்கு அது அவ்வளவு பெறவில்லை. நம் வீட்டுப் பீரோவில் உறை பிரிக்காமல் கிடக்கும் பிளாஸ்க்குகளை நினைத்துப் பாருங்கள். ரொக்கமாகக் கொடுக்கும் மொய்யில் இந்தச் சேதம் இல்லை.

இன்னொரு பாடம் இங்கிலாந்திலிருந்து. நம் ஊர் தீபாவளிச் சீட்டு மாதிரி, ஃபேர்பாக் என்ற நிறுவனத்தில் கிறிஸ்துமஸுக்காக வருஷம் முழுக்கச் சிறுகச் சிறுகப் பணம் கட்டி வந்தார்கள். 2006 அக்டோபரில், பண்டிகை நெருங்கும் நேரத்தில் அது முடங்கியது. லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழை எளியவர்கள் கட்டிய பணத்தை இழந்து நின்றார்கள். நகைக்கடைச் சீட்டோ, மளிகைச் சீட்டோ, நடத்துகிறவர் தெரிந்தவர் என்பது மட்டும் போதாது. ஏலச் சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள். வங்கியிலோ அஞ்சலகத்திலோ மாதம் தவறாமல் ஆர்.டி. கட்டலாம். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாய்க்கும் கணக்குத் தொடங்கலாம், ஐந்து வருஷத் திட்டம் அது. வங்கியில் ஓராண்டுக்கும் போடலாம். மொய் செய்கிறவர் ஆனியில் முடியும்படி போடட்டும், கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர் நவம்பரில் முடியும்படி போடட்டும்.

வருமான வரி பற்றியும் ஒரு வார்த்தை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வந்தால் அது வருமானக் கணக்கில் சேரும். கல்யாணத்தில் வந்த அன்பளிப்புக்கு விலக்கு உண்டு, காதுகுத்துக்கு இல்லை. பெரிய தொகை புழங்குகிறவர்கள் நோட்டைப் பத்திரப்படுத்தி, ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு அறந்தாங்கிக்கோ பட்டுக்கோட்டைக்கோ துணி எடுக்கப் பஸ் ஏறுமுன், மொய் நோட்டில் எழுதுகிற மாதிரியே, யாருக்கு என்ன, எவ்வளவு என்று பெயர் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூட்டிப் பார்த்து, கையிலிருக்கும் பணத்துக்குள் அடங்கும்வரை தொகையைக் குறையுங்கள், பெயரைக் குறைக்காதீர்கள். கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு முழுசாகக் கட்டாமல் விட்டால் பெரும்பாலான கார்டுகளில் மாத வட்டியே மூன்று சதவீதத்துக்குக் குறையாது.

மொய் செய்கிற குடும்பத்தார் தை பிறக்குமுன் பழைய நோட்டுகளை எடுத்து, வரும் ஆடிக்கு யார் யாருக்குத் திருப்ப வேண்டும் என்று கூட்டி வையுங்கள். வீட்டுப் பெண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டுங்கள். கடைசியில் அடகுக்குப் போவது அவர்களுடைய நகைதான்.