“அப்புறமா ரேம் போட்டுக்கலாம்” – லேப்டாப் வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

(நம் தகவல் தொழில்நுட்ப அணியின் மாவட்டப் பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)





காலையில இருந்து பதிவு எழுதுறது, கார்டு வடிவமைக்கிறது, பொய்ச் செய்தியை எப்படிச் சரிபார்க்கிறதுன்னு பேசியாச்சு. எனக்குக் கொடுத்த தலைப்பு கொஞ்சம் வேற. லேப்டாப். இதுல அரசியல் எங்கே இருக்குன்னு கேட்பீங்க. இருக்கு. கடைசியில சொல்றேன்.

தோழர்களே, உங்க தெருவில் கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் நீங்கதான். கல்லூரி அட்மிஷன் ஆரம்பிச்சா உங்களுக்கும் போன் வரும். “தம்பி, பிள்ளைக்கு ஒரு லேப்டாப் வாங்கணும், எது நல்லா இருக்கும்?” நீங்க சொல்ற அஞ்சு நிமிஷ பதிலை நம்பி ஒரு குடும்பம் ஒண்ணரை வருஷத் தவணையில் கையெழுத்து போடும்.

2023-ல் எனக்கு அப்படி ஒரு போன் வந்தது. எங்க தெருவில் லோடு ஆட்டோ ஓட்டுற அண்ணன். நம்ம கூட்டத்துக்கெல்லாம் நாற்காலி ஏத்திட்டு வர்றவர். மகளை பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்திருந்தார். கடைக்கு நானும் போனேன். மெல்லிசா, எடை குறைவா, பார்க்க அழகா ஒரு லேப்டாப். ப்ராசஸர் நல்லா இருந்தது. ரேம் மட்டும் 8 ஜிபி. “இப்போதைக்கு இது போதும்ணே. அப்புறமா இன்னொரு 8 ஜிபி ரேம் போட்டுக்கலாம்”னு நான்தான் சொன்னேன். இன்ஜினியரிங் படிச்ச பையன் சொல்றானேன்னு அவரும் வாங்கிட்டார்.

மூணாவது வருஷம் அந்தத் தங்கச்சிக்கு மொபைல் ஆப் ப்ராஜெக்ட் வந்தது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து, கூடவே எமுலேட்டரை ஓட்டினால் லேப்டாப் அப்படியே நின்னுடுது. அந்த ரெண்டும் சேர்ந்து ஓட 16 ஜிபி வேணும். “அண்ணா, ரேம் போடலாம்னு சொன்னீங்கல்ல”ன்னு கொண்டு வந்து கொடுத்தது. பின்மூடியின் ஸ்க்ரூவை எல்லாம் கழற்றித் திறந்தேன். உள்ளே ரேம் ஸ்லாட்டே இல்லை. ரேம் சிப்புகள் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தன.

ப்ராசஸர் நல்லா இருக்கு. ஸ்கிரீன் நல்லா இருக்கு. கீபோர்டு நல்லா இருக்கு. ஒரே ஒரு பாகம் பத்தலை, அதை மாற்றவும் முடியாது. அண்ணன்கிட்ட சொன்னேன். “சரி விடு தம்பி, நீ என்ன பண்ணுவே”ன்னார். என்ன பண்ணியிருக்கலாம்னு எனக்குத் தெரியும். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வரி படிச்சிருக்கலாம். நான் படிக்கலை. அந்தத் தப்பை நீங்க பண்ணக் கூடாதுன்னுதான் இந்தப் பேச்சு.

முதலில் அடிப்படை. தேர்தல் நேரத்தில் நம்ம பூத் அலுவலகத்தை நினைச்சுக்குங்க. வாக்காளர் பட்டியல் எல்லாம் பீரோவில் இருக்கும். வேலை செய்ய எடுத்து மேசையில் விரிப்போம். பீரோதான் எஸ்எஸ்டி. மேசைதான் ரேம். மேசை சின்னதா இருந்தா ஒரு பட்டியலை உள்ளே வச்சுட்டுத்தான் அடுத்ததை எடுக்க முடியும். எவ்வளவு கெட்டிக்காரத் தோழர் உட்கார்ந்திருந்தாலும் வேலை இழுக்கும். லேப்டாப் திணறுவதும் பல நேரம் இதனால்தான்.

பழைய லேப்டாப்பில் இந்த மேசையைப் பெரிசாக்கலாம், பீரோவை மாற்றலாம். பிளஸ் டூ படிக்கும்போது எனக்குக் கிடைத்த அரசின் விலையில்லா லேப்டாப்பில் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருந்தது. கல்லூரி இரண்டாம் வருஷம் அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். விண்டோஸ் திறக்க டீ குடிச்சுட்டு வரணும்ங்கிற நிலை போய், உடனே திறக்க ஆரம்பிச்சது. டிகிரி முடிக்கும் வரை அதுதான் என் லேப்டாப். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய திங்க்பேடுகளைத் தேடி வாங்குறவங்க உண்டு. அதில் 2018-ல் வந்த டி480 மாடலுக்கு இன்னிக்கும் மதிப்பு இருக்கக் காரணம் என்ன? இரண்டு ரேம் ஸ்லாட் இருக்கு. எஸ்எஸ்டியைக் கழற்றலாம். ஒரு பேட்டரியை வெளியிலிருந்தே எடுக்கலாம்.

இது எப்போ மாறியது? 2008-ல் வந்த முதல் மேக்புக் ஏர் லேப்டாப்பிலேயே 2 ஜிபி ரேம் போர்டில் சால்டர் செய்யப்பட்டிருந்தது. 2012-ல் ரெட்டினா மேக்புக் ப்ரோவிலும் அப்படியே. 2016-ல் டச் பார் வைத்த மேக்புக் ப்ரோவில் எஸ்எஸ்டியும் சால்டர் ஆனது. 2020-ல் எம்1 வந்தபோது ரேம், ப்ராசஸர் இருக்கும் பேக்கேஜுக்குள்ளேயே போய்விட்டது. விண்டோஸ் பக்கமும் மெல்லிய மாடல்களில் இதுவே வழக்கமாகிவிட்டது. ப்ராசஸரும் ஒரு காலத்தில் கழற்றக்கூடியதாக இருந்தது. இன்டெல்லின் நான்காம் தலைமுறைக்குப் பிறகு அதுவும் பெரும்பாலும் போய்விட்டது.

இதை முழுக்க மோசடின்னு நான் சொல்ல மாட்டேன். நாம் உண்மையைப் பேசுகிறவர்கள். சால்டர் செய்வதற்குப் பொறியியல் காரணங்கள் இருக்கு.

ஒன்று, தடிமன். ஸ்லாட் வைத்தால் உயரமும் இடமும் கூடும்.

இரண்டு, வேகமும் மின்சாரமும். எல்பிடிடிஆர் என்று ஒரு ரேம் வகை, செல்போனுக்காக உருவானது. குறைந்த மின்சாரத்தில் ஓடும், பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும். அதன் சிக்னல் நுணுக்கமானது. ப்ராசஸருக்கு மிக அருகில் இருக்க வேண்டும். நடுவில் வழக்கமான ஸ்லாட் வந்தால் அந்த வேகத்தில் சிக்னல் தெளிவாகப் போய்ச் சேராது. ஸ்லாட்டில் போடும் டிடிஆர்5 ரேம் லேப்டாப்பில் பரவலாக 5600 வேகத்தில் ஓடுகிறது என்றால், சால்டர் செய்த எல்பிடிடிஆர்5எக்ஸ் 8533 வேகத்திலும் ஓடுகிறது.

கழற்றி மாட்டும் லேப்டாப்புக்கே பேர் போன ஃபிரேம்வொர்க் நிறுவனம்கூட 2025-ல் அறிவித்த தன் டெஸ்க்டாப்பில் ரேமை சால்டர்தான் செய்தது. மாற்றக்கூடியதாக வைக்க ஏஎம்டி நிறுவனத்தோடு சேர்ந்து முயன்று பார்த்தோம், சிக்னல் பிரச்சினையால் முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

ஆனால் மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கு தோழர்களே. அது வியாபாரம். ரேமைப் பிறகு வெளியே வாங்க முடியாது என்றால், இன்றைக்கே கம்பெனி சொல்ற விலையில்தான் வாங்கணும். எம்1 மேக்புக் ஏர் வந்தபோது 8 ஜிபியில் இருந்து 16 ஜிபிக்குப் போக 200 டாலர் கூடுதல். 2024 அக்டோபரில் அதே நிறுவனம் மேக்புக் ஏரின் ஆரம்ப மாடலுக்கே 16 ஜிபி கொடுத்தது, விலையை ஏற்றாமல். அதற்கு முதல் மாதம் 8 ஜிபி வாங்கியவர் என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது.

எஸ்எஸ்டி சால்டர் ஆவது இன்னும் மோசம். ரேம் பத்தாவிட்டால் வேகம் போகும். எஸ்எஸ்டி போனால் உங்க பிள்ளையின் ப்ராஜெக்ட், சான்றிதழ் ஸ்கேன், குடும்பப் படம் எல்லாம் போகும். எம்.2 எஸ்எஸ்டி என்பது சூயிங்கம் பட்டை மாதிரி ஒரு சின்ன அட்டை, ஒரே ஒரு ஸ்க்ரூ. மதர்போர்டு செத்தாலும் அதைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டித் தகவலை எடுக்கலாம். பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீ வேணும், அதை இன்னிக்கே எடுத்து வச்சுக்குங்க. சால்டர் செய்த எஸ்எஸ்டியில் போர்டு போனால், பேக்கப் இல்லாதவருக்குத் தகவலை மீட்பது பெரும்பாடு. விலை குறைந்த சில லேப்டாப்களில் 64 ஜிபி இஎம்எம்சி என்று வரும். அதுவும் போர்டில் சால்டர் செய்ததுதான். மாணவருக்கு அதை வாங்கவே வேண்டாம்.

சரி, கடைக்குப் போகும் முன் என்ன செய்யணும்? குறிச்சுக்குங்க.

1. முழு மாடல் நம்பரை வாங்குங்க. பெட்டியில் பெரிசா எழுதியிருக்கிற பேர் போதாது. ஒரே பேரில் ஸ்லாட் உள்ளதும் வரும், இல்லாததும் வரும்.

2. கடைக்காரர் சொல்வதோடு நிற்காமல் கம்பெனியின் சொந்த ஆவணத்தைப் பாருங்க. லெனோவோவுக்கு பிஎஸ்ஆர்இஎஃப் என்ற தளம் இருக்கு. எச்பிக்கு மெயின்டனன்ஸ் அண்ட் சர்வீஸ் கைடு. டெல்லுக்கு சர்வீஸ் மேனுவல். எல்லாம் இலவசம்.

3. அதில் மெமரி என்ற வரியைப் படிங்க. சால்டர்டு, ஆன்போர்டு என்று இருந்தால் மாற்ற முடியாது. எல்பிடிடிஆர் என்றிருந்தாலும் கிட்டத்தட்ட எப்போதும் அதே கதைதான். சோடிம் என்றிருந்தால் ஸ்லாட், மாற்றலாம். 8 ஜிபி சால்டர், கூட ஒரு ஸ்லாட் என்றிருந்தால் பாதிக் கிணறு. அதுவும் மாணவருக்குப் போதும். வெறுமனே டிடிஆர்5 என்று மட்டும் இருந்தால் நம்பாதீங்க. அதையும் சால்டர் செய்து விற்கிறார்கள்.

4. சால்டர் செய்ததுதான் பிடிச்சிருக்கா? எடை குறைவு வேணுமா? தப்பில்லை, வாங்குங்க. ஆனால் நாலு வருஷம் கழித்து என்ன தேவைப்படுமோ அதை இன்னிக்கே வாங்கணும். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட படிப்புக்கு 16 ஜிபிக்குக் கீழே வேண்டாம்.

5. பணம் பத்தலையா? ஸ்லாட் உள்ள மாடலில் 8 ஜிபி வாங்கி, பிறகு கூட்டிக்கலாம். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போனதால் ரேம் விலை கடுமையாக ஏறியது. இப்படிப்பட்ட நேரத்தில் ஸ்லாட் இருக்கிறவர் விலை இறங்கும் வரை காத்திருக்கலாம். ஸ்லாட் இல்லாதவருக்கு அந்த வழியே கிடையாது.

6. ரேமோ எஸ்எஸ்டியோ நாமே மாற்றினால் வாரண்டி போகுமா என்று வாங்கும்போதே மெயிலில் கேட்டு, பதிலை வச்சுக்குங்க.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிற லேப்டாப்பா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியை அழுத்துங்க. ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் சோடிம் என்றிருந்தால் ஸ்லாட். ரோ ஆஃப் சிப்ஸ் என்றிருந்தால் பெரும்பாலும் சால்டர் செய்தது. பத்து வினாடி வேலை. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் பாருங்க.

இப்போ அரசியலுக்கு வர்றேன்.

மாற்றக்கூடிய லேப்டாப் செய்யவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. 2021-ல் இருந்து ஃபிரேம்வொர்க் நிறுவனம் மதர்போர்டையே மாற்றக்கூடிய மெல்லிய லேப்டாப்பை விற்கிறது. 2024-ல் லெனோவோ தன் டி14 ஐந்தாம் தலைமுறை திங்க்பேடை ஐஃபிக்ஸிட் அமைப்போடு சேர்ந்து வடிவமைத்தது. இரண்டு ரேம் ஸ்லாட், பத்துக்கு ஒன்பது மதிப்பெண். அந்த நுணுக்கமான எல்பிடிடிஆர் ரேமைக்கூட ஸ்க்ரூ போட்டு மாட்டும் எல்பிகேம்2 என்ற முறை வந்துவிட்டது. அதே 2024-ல் திங்க்பேடு பி1 மாடலில் விற்பனைக்கும் வந்தது. ஆக, வழி இருக்கு. வாங்குகிறவர் கேட்டால்தான் அது விலை குறைந்த மாடலுக்கும் வரும்.

பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரியில் இருந்து லேப்டாப் விற்கும் இடத்திலேயே பழுதுநீக்க மதிப்பெண்ணைப் பத்துக்கு இவ்வளவு என்று காட்ட வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் 2022-ல் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது, டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. அது போதாது. பிஸ்கட் பாக்கெட்டில் என்ன கலந்திருக்குன்னு அச்சடிக்கணும். அரை லட்சம் ரூபாய் லேப்டாப் பெட்டியில் “ரேம் மாற்ற முடியாது” என்று தெரியும்படி ஒரு வரி அச்சடிக்க என்ன கஷ்டம்? சால்டர் செய்யாதே என்று நாம் கேட்கவில்லை. பணம் கட்டும் முன் சொல்லிவிடு என்று கேட்கிறோம். இதை நம் மனுக்களில், நம் பதிவுகளில், நம் கூட்டங்களில் பேச வேண்டும்.

பணம் இருக்கிறவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. பத்தலைன்னா புதுசு வாங்கிக்குவார். வீட்டில் முதல் பட்டதாரிக்கு, தவணையில் வாங்கிய முதல் லேப்டாப்புக்கு, இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அவங்களுக்காகப் பேசத்தானே நாம் இருக்கிறோம்?

அந்தத் தங்கச்சி என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. எமுலேட்டரை விட்டுட்டு, அவங்க அப்பாவோட ஆண்ட்ராய்டு போனையே கேபிளில் இணைச்சு ஆப்பை ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். மெமரி பாரம் குறைஞ்சது. அண்ணன் சவாரிக்குப் போயிட்டா போன் இருக்காது. அதனால ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான் வேலை. அப்படியே ப்ராஜெக்டை முடிச்சுட்டா. அது அந்தப் பிள்ளையோட உழைப்பு. ஆனா அந்த ராத்திரிகள் தேவையே இல்லாதவை. நான் ஒரு வரி படிக்காததால் வந்தவை.

அடுத்த முறை உங்க தெருவில் யாராவது “தம்பி, எந்த லேப்டாப் வாங்கலாம்?”னு கேட்டா, “அப்புறமா ரேம் போட்டுக்கலாம்”னு சொல்றதுக்கு முன்னாடி, போட முடியுமான்னு பாருங்க.



இந்தப் பதிவை உங்கள் கிளை வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள். கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கும் ஒரு குடும்பத்துக்காவது போய்ச் சேரட்டும். வாங்கப்போகிற மாடல் நம்பரைக் கமெண்டில் போட்டால், அணித் தோழர்கள் பார்த்துச் சொல்வோம்.

#வாங்கும்முன்கேளுங்கள்