தண்டவாளப் பணியும் உயிர்க் காப்பும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் இருப்புப்பாதை நம் திருக்கோவிலூர் வழியே செல்கிறது. வெயிலென்றும் மழையென்றும் பாராது அதனைப் பேணும் கேங்மேன்களை நாம் அறிவோம். நம் இளைஞர் பலர் இரயில்வேப் பணிக்குத் தேர்வெழுதுகின்றனர். படிக்கும் வாய்ப்பற்றோர் ஒப்பந்தக் கூலிகளாய் அதே தண்டவாளத்திற்குச் செல்கின்றனர். ஆதலின் அங்கே உயிரைக் காத்துக்கொள்வது எங்ஙனம் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

2024 நவம்பர் 2ஆம் நாள் கேரளத்துச் சொரனூரில், பாரதப்புழைப் பாலத்தின் மேல் குப்பை அகற்றிக்கொண்டிருந்த நால்வர் கேரளா எக்ஸ்பிரஸ் வண்டி மோதி மாண்டனர். அவர்களுள் இருவர் பெண்கள். நால்வரும் நம் அண்டை மாவட்டமாகிய சேலத்திலிருந்து பிழைக்கச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள். நிலத்தில் விலகி நிற்பதுபோல் பாலத்தின் மேல் விலகி நிற்றல் எளிதன்று.

இனி ஒரு சிறு கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் விரையும் வண்டி ஒரு கிலோமீட்டரை 36 நொடிகளில் கடந்துவிடும். குனிந்து வேலை செய்பவர் நிமிர்ந்து, கருவியை எடுத்து, விலக வேண்டிய நேரமும் அதற்குள் அடங்கும். நீராவி வண்டியைப் புகையும் ஓசையும் முன்னரே காட்டிக் கொடுத்தன. மின்சார வண்டியோ அவ்வளவு ஆரவாரமின்றி வந்துவிடுகிறது.

இதற்கு விதி இல்லாமலில்லை. தண்டவாளத்தைக் கழற்றிச் செய்யும் வேலைகளில், அகலப் பாதையாயின் 600 மீட்டர் தொலைவில் குறுக்கே சிவப்புப் பேனர் கொடி கட்டவேண்டும். 1,200 மீட்டர் தொலைவில் டெட்டனேட்டர் எனப்படும் ஓசைவெடிகள் மூன்று வைக்கவேண்டும். வண்டிகள் ஓடும்போதே செய்யும் வேலைகளில், வேறெந்த வேலையும் செய்யாது வண்டி வரும் திசையையே பார்த்திருந்து ஊதல் ஊதும் காவலாள் வேண்டும். அவரை லுக்அவுட்மேன் என்பர்.

விதி ஏட்டில் இருந்தால் போதாது. அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு 2012இல் அளித்த அறிக்கை, ஐந்தாண்டுக்கும் குறைந்த காலத்தில் ஏறத்தாழ 1,600 இரயில்வே ஊழியர்கள் பணியில் இறந்ததை எடுத்துக்காட்டிற்று.

“காவலாள் எங்கே?” என்று கேட்டால் அன்றைய கூலி போய்விடுமே என்னும் அச்சம் உண்டு, அதனை நாம் அறியாமலில்லை. ஒருவர் கேட்டால் அவரை விலக்கிவிடுவர். பத்துப்பேரும் சேர்ந்து, காவலாள் நின்ற பின்னரே தண்டவாளத்தில் கால் வைப்போம் என்றால், பத்துப்பேரையும் விலக்குதல் எளிதன்று. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து உழைப்பவர் நலனுக்குச் சட்டங்கள் தேடினார். அவர் வழிவந்தோம் என்போர் இருக்கும் விதியையேனும் அறிந்திருத்தல் வேண்டாமா?

இளைஞர்களே! ஊரைவிட்டுக் கூலிக்குப் புறப்படும் ஒவ்வொரு குழுவையும் ஒரு மாலை இங்கு அமர்த்தி இவ்விதிகளைச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரரின் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் எழுதி வாங்கி வையுங்கள். பணியில் அமர்ந்து மேற்பார்வையாளராய் உயர்வோர், காவலாளின்றி எவரையும் தண்டவாளத்தில் இறக்காதிருங்கள். நாம் கற்ற கல்வி கல்லாத நம் உறவினரின் உயிரைக் காக்குமாயின், இச்சங்கத்தின் இருபத்தைந்தாண்டு உழைப்பு வீண்போகாது.