உங்கள் நம்பர் என்ன?



ரொறன்ரோ–மார்க்கம் எல்லையில் உள்ள மில்லிக்கனிலிருந்து பட்டன்வில் விமான நிலையத்துக்குக் காரில் போனால் ஏறத்தாழக் கால் மணித்தியாலம். 2023 நவம்பர் கடைசியில் அதை மூடும்வரை மார்க்கம் வீட்டுக் கூரைகளுக்கு மேலால் பயிற்சி விமானங்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. அவற்றை அண்ணாந்து பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளில் ஒருசிலர் அந்தத் தொழிலுக்கே போகிறார்கள். உரிமம் எடுத்து, சின்ன விமானங்களில் பறந்து மணித்தியாலம் சேர்த்து, பெரிய கொம்பனிக்கு விண்ணப்பம் போடும் நாள் வந்ததும் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். சம்பளம் எவ்வளவு? என்ன பிளேன்? பைலட்டுகள் தங்களுக்குள் கேட்பது வேறொன்று: உன் நம்பர் என்ன?

கொம்பனியில் சேர்ந்த திகதிப்படி வரிசையில் கிடைக்கும் இடம்தான் அந்த நம்பர். முதலில் சேர்ந்தவர் மேலே, பிறகு வந்தவர் கீழே. ஒரே நாளில் சேர்ந்தவர்களை வயது போன்ற ஏதாவதொரு விதி வைத்து வரிசைப்படுத்துவார்கள். எந்த விமானம், எந்த ஊர், இடப்பக்கக் கப்டன் இருக்கையா வலப்பக்க இருக்கையா, ஓகஸ்ட்டில் லீவா நவம்பரில் லீவா, எல்லாவற்றையும் அந்த வரிசைதான் முடிவுசெய்கிறது. மாதாமாதம் எல்லோரும் தங்கள் விருப்பத்தை எழுதிக் கொடுப்பார்கள். 'பிட்' போடுவது என்பார்கள். மேலே இருப்பவர் லண்டன் பயணத்தையும் சனி ஞாயிறு ஓய்வையும் எடுத்துக்கொள்வார். கீழே இருப்பவருக்கு நத்தார் இரவு மிஞ்சும். அல்லது 'ரிசேர்வ்' மிஞ்சும். அப்படியென்றால் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், கூப்பிட்டால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். மில்லிக்கனில் இருந்தால் 407 நெடுஞ்சாலையில் காசு கட்டியாவது பியர்சன் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். வீடு ஹலிஃபாக்ஸில் என்றால்?

'பேஸ்' என்று அவர்கள் சொல்லும் பணித்தளம் முக்கியமாகும் இடம் இதுதான். எயர் கனடா பைலட்டுகளுக்கு ரொறன்ரோ, மொன்றியல், வன்கூவர், வின்னிபெக் என்று தளங்கள் உண்டு. வெஸ்ட்ஜெட்டின் தாய்வீடு கல்கரி. போர்ட்டர் 2006 இல் ரொறன்ரோத் தீவு விமான நிலையத்தில் தொடங்கி, 2023 பெப்ரவரியில் பியர்சனிலிருந்தும் ஜெட் விமானங்களைப் பறக்கவிட்டது. நீங்கள் விரும்பும் ஊரையே உங்களுக்கு மேலே இருப்பவர்களும் விரும்பினால், உங்களுக்கு அந்த ஊர் இல்லை. அந்த வகையில் மில்லிக்கன் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. கனடாவின் ஆகப்பெரிய விமான நிலையமான பியர்சன் பக்கத்தில் இருப்பதால், புதிதாக வருபவருக்கும் இங்கே இடம் காலியாகும்.

வீடு ஓரிடம், பேஸ் ஓரிடம் என்று வாழ்பவர்களும் உண்டு. வேலைக்குப் போவதற்கே விமானத்தில் வெற்றிடம் தேடி ஏறுவார்கள், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துப் படுப்பார்கள். 2009 பெப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து வந்த கொல்கன் எயர் விமானம் பஃபலோவுக்கு அருகே ஒரு வீட்டின்மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அந்த விமானம் எங்கள் ரொறன்ரோ டவுன்ஸ்வியூவில் செய்த கியூ400. கப்டன் விமானத்தைக் கையாண்ட விதம்தான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணை சொன்னது. ஆனால் துணைவிமானி தன் பணித்தளத்துக்கு வருவதற்காக முதல்நாள் இரவு முழுக்க சியாட்டிலிலிருந்து நாட்டுக்குக் குறுக்கே பயணம் செய்திருந்தார் என்பதும் அந்த விசாரணையில் வெளிவந்தது. கப்டனும் ஃபுளோரிடாவிலிருந்து வந்துபோனவர். அதன் பிறகு பைலட்டுகளின் களைப்பு என்பது அமெரிக்காவில் சட்டம் திருத்தும் அளவுக்குப் பெரிய விடயமாயிற்று.

இதில் திறமைக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். சிமுலேட்டர் பரீட்சை ஒழுங்காக வரும், தவறினால் பறக்க முடியாது. ஆனால் அதில் வெளுத்துவாங்கினாலும் முன்னால் நிற்கிற ஒருவரைத் தாண்ட முடியாது. எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. ஊரில் ஒரு ஆசிரியருக்கு நல்ல இடத்துக்கு மாற்றம் வேண்டுமென்றால் எம்.பி.யின் கடிதத்துக்கு அலைந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். இங்கே அந்தக் கடிதம் செல்லாது. பனி கொட்டும் இரவில் ஒரு கப்டன் 'இன்றைக்கு நான் எடுக்கமாட்டேன்' என்றால், அந்தக் கோபத்தில் மேலாளர் அவருடைய அடுத்த மாதத்தைக் கெடுக்க முடியாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கும் உங்களுக்கும் அது நல்லதுதான்.

நம்பரை இன்னொரு கொம்பனிக்குக் கொண்டுபோக முடியாது. கொடுமை அங்கேதான். இருபது வருடம் கப்டனாக இருந்தவரும் புதுக் கொம்பனியில் கடைசி ஆள். ரொறன்ரோவில் இருந்த கனடா 3000, 2001 நவம்பரில் ஒரே இரவில் நின்றுபோனது. லிங்ஸ் எயர் 2024 பெப்ரவரியில் மூடியது. அங்கே இருந்த பைலட்டுகளின் வரிசைப் பட்டியல்களும் கொம்பனியோடு போயின.

இரண்டு கொம்பனிகள் இணைந்தாலும் சண்டைதான். எயர் கனடா 2000 இல் கனேடியன் எயர்லைன்ஸை எடுத்தபோது இரண்டு பட்டியல்களை எப்படி ஒன்றாக்குவது என்று பெரிய இழுபறி. 2001 இல் ஒரு நடுவர் தீர்ப்புச் சொன்னார், அது நிற்கவில்லை, 2003 இல் பிரயன் கெல்லர் என்ற இன்னொரு நடுவர் புதிதாகப் பட்டியல் போட்டார். இந்தியாவிலும் இதுதான் கதை. எயர் இந்தியாவும் இந்தியன் எயர்லைன்ஸும் 2007 இல் இணைந்தன. ஐந்து வருடம் கழித்து, புது ட்ரீம்லைனர் விமானம் யாருக்கு என்ற கேள்வியில் பழைய எயர் இந்தியா பைலட்டுகள் 2012 மே முதல் ஜூலை வரை வேலைக்குப் போகாமல் நின்றார்கள். விமானத்தைப் பற்றிய சண்டை மாதிரித் தெரிந்தது, உள்ளே இருந்தது யார் முன்னே கப்டன் ஆவது என்பது.

ஆகவே, பெரிய பிளேன் ஆசையில் கல்கரிக்கோ வன்கூவருக்கோ போய் வேறொரு கொம்பனியில் சேர்ந்து, மூன்று வருடத்தில் இங்குள்ள கொம்பனிக்குத் திரும்பிவர நினைப்பவர் அந்த மூன்று வருடத்தையும் இழக்கிறார். முதலில் எந்த ஊரில் வாழப்போகிறோம் என்று முடிவெடுத்து, அந்த ஊரில் பேஸ் உள்ள, நிலைத்து நிற்கும் கொம்பனியில் எவ்வளவு கெதியாகச் சேர முடியுமோ அவ்வளவு கெதியாகச் சேர்வதுதான் கெட்டித்தனம் என்பது என் எண்ணம். தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கலாம். எயர் கனடாவில் முதல் நான்கு வருடங்களுக்கு ஒரு குறைந்த நிலையான சம்பளம் இருந்தது. 2024 ஒப்பந்தம் அதை இரண்டு வருடமாகக் குறைத்தது.

கப்டன் ஆகும் நம்பர் வந்தும் ஆகாமல் இருப்பவர்களும் உண்டு. துணைவிமானிகளில் முதல் ஆளாக இருந்தால் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டில் நிற்கலாம். கப்டன்களில் கடைசி ஆளானால் மறுபடி ரிசேர்வ். கலியாண வீட்டில் 'இன்னும் கப்டன் ஆகேல்லையோ?' என்று கேட்கும் மாமாக்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்கலாம்.

நேர்முகத்துக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. சர்வதேசப் பயணிகள் விமானத்தில் 65 வயதுக்கு மேல் பறக்க முடியாது. மேலே ஒருவர் ஓய்வுபெற்றால் கீழே எல்லோரும் ஒரு படி ஏறுவார்கள். எனவே சம்பளத்தைக் கேட்பதோடு நிற்காமல், உங்களுக்கு மேலே இருப்பவர்களில் எத்தனை பேர் அடுத்த பத்து வருடத்தில் 65 ஐத் தொடுகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் ரொறன்ரோவில் இருக்கிறார்கள் என்று அங்கே வேலை செய்யும் ஒரு பைலட்டிடம் விசாரித்துக்கொண்டு போங்கள்.